பிள்ளைகளின் இணையப் பிரச்சினைக்கு யாரிடம் போனீர்கள்? அங்கே என்ன நடந்தது?

கோவை அம்மா

போன ஆடி மாதம் நடந்தது. இப்போதுதான் எழுத மனம் வந்திருக்கிறது.

மகனுக்கு அப்போது 16 வயது, பதினோராம் வகுப்பு. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை, ராத்திரி லைட்டை அணைக்க விடவில்லை. பரீட்சை பயம் என்று நினைத்துத் தர்காவில் மந்திரித்துக் கயிறுகூடக் கட்டினோம். அப்புறம்தான் அவன் அப்பாவின் கணக்கிலிருந்து 4,500 ரூபாய் போயிருப்பது தெரிந்தது. கேட்டதும் உடைந்துவிட்டான். ஒரு பெண் பெயரில் வந்த ஐடி, பத்து நாள் பேச்சு, பிறகு ஒரு வீடியோ கால். அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, "உன் கிளாஸ்ல எல்லாருக்கும் அனுப்பட்டுமா?" என்று மிரட்டல். யார் யாருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஒரு பட்டியலே காட்டியிருக்கிறார்கள். அதில் என் தங்கை பெயரும் இருந்தது.

வீட்டுக்காரர் உடனே போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழிக்கப் போனார். நல்லவேளை, சார்ஜ் இல்லாமல் போன் அணைந்து கிடந்தது.

இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தோம். எந்த வங்கி, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று மளமளவென்று கேட்டார்கள். பணம் போன கையோடு சொல்லியிருந்தால் நடுவழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டாம். எங்களுடையது மூன்று நாள் பழசு. புகார் எண் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நேரில் போன முதல் இடத்தில் ஒருவர், "பையன்தானேம்மா, விடுங்க" என்றார். அந்த வார்த்தையை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு பெண் எஸ்.ஐ. அவர் மறுநாள் மஃப்டியில் வீட்டுக்கே வந்தார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாத எவரும்தான், பையன் பெண் என்ற பேதம் கிடையாது என்று முதலில் எங்களுக்குச் சொன்னார். பிறகு எங்களை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு அவனிடம் பேசினார். போனை அவர் கையில் வாங்கவே இல்லை. அவனையே ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொன்னார்: அந்த ஐடியின் முழு லிங்க், நேரத்தோடு பேச்சு, பணம் கேட்ட யுபிஐ விவரம். "இனிமே ஒரு ரூபாய்கூட அனுப்பாதே தம்பி. கொடுத்தா நிறுத்த மாட்டான், இவன் கொடுக்கிற ஆளுன்னு குறிச்சு வச்சுக்குவான்" என்றது மட்டும் எனக்குக் கேட்டது.

போகும் முன் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். 'டேக் இட் டவுன்' என்று ஒரு சேவை. காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இருக்கும் தேசிய மையம் 2023-இல் ஆரம்பித்தது. 18 வயதுக்கு முன்பு எடுத்த அந்தரங்கப் படம் என்றால் பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம், காசு கிடையாது. படத்தை எங்கேயும் ஏற்ற வேண்டாம். அந்தப் போனுக்குள்ளேயே படத்துக்கு ஒரு எண்கோவை உருவாகும், கைரேகை மாதிரி. அந்த ரேகை மட்டும்தான் வெளியே போகும். இதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள், அதே ரேகையுள்ள படம் தங்கள் தளத்தில் ஏறினால் கண்டுபிடித்து நீக்கலாம். இதற்குப் படம் கையில் இருக்க வேண்டுமே? மிரட்டியவன் அனுப்பிய துண்டு வீடியோ மகன் போனில் இருந்ததால்தான் எங்களால் முடிந்தது. அன்றைக்கு சார்ஜ் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஆனால் வாட்ஸ்அப் மாதிரிப் பூட்டிய உரையாடல்களுக்குள் இது எட்டிப் பார்க்காது. படத்தை வெட்டி ஒட்டினால் ரேகையும் மாறிவிடலாம். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார்: ஆதாரம் என்று நினைத்து நாங்கள்கூட அந்த வீடியோவை எங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளக் கூடாது. அதுவே தனிக் குற்றமாகிவிடும்.

பணம் வரவில்லை. வழக்கு நடக்கிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஓசூர்க்காரன்

எங்கள் கதை வேறு மாதிரி. மகனுக்கு 14 வயது, விடிய விடிய கேம். முதலில் பார்த்த தனியார் ஆலோசகர் கட்டணம் வாங்கிக்கொண்டு 'பத்து விதிகள்' என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். ஏழாவது விதி, 'குடும்பத்தோடு சிரியுங்கள்'. தாளைப் படித்துவிட்டு நாங்கள் நிஜமாகவே சிரித்தோம், அந்த வகையில் பலித்தது.

ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தானே, அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போனோம். அங்கே 2014-இலிருந்து 'ஷட் கிளினிக்' என்று தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பையனைக் கண்டிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். பாதி நேரம் என்னைத்தான் கேள்வி கேட்டார்கள். நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், சாப்பிடும்போது உங்கள் போன் எங்கே இருக்கும், பையனுக்குப் பள்ளியில் கூட்டாளி யார்? கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வேலை மாற்றலால் பள்ளியை மாற்றி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பழைய பள்ளிப் பையன்கள் நால்வரும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த கேமுக்குள்தான் கூடுகிறார்கள் என்று அவன் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' சேர்ந்திருப்பது உண்மை. ஆனால் அதற்கு அளவுகோல் இருக்கிறது என்று விளக்கினார்கள். கட்டுப்பாடு கைவிட்டுப் போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ள வேண்டும், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும். இதெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். என் மகன் அந்தக் கணக்கில் வரவில்லை. தூக்கத்தைக் குறித்துவைக்க ஒரு நோட்டு, பழைய நண்பர்களை மாதம் ஒருமுறை நேரில் பார்க்க ஏற்பாடு, அவ்வளவுதான் சொல்லி அனுப்பினார்கள். தூரத்தில் இருப்பவர்கள் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416-ஐக் கூப்பிட்டுப் பாருங்கள். தமிழில் பேசுவார்கள்.

கணக்கு வாத்தியார்

எங்கள் பள்ளிக்கு ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். மேடை, ஸ்லைடு எதுவும் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் துளை போட்டு வைத்து, பெயர் எழுதாமல் சீட்டு போடச் சொன்னார். டப்பா நிறைந்துவிட்டது. அதில் ஒரு சீட்டு: "என் முகத்தை வேற உடம்புல ஒட்டி வச்சிருக்கேன், குரூப்ல போடுவேன்னு ஒருத்தன் சொல்றான். அது நான் இல்லையே, இது கேஸ் ஆகுமா?"

ஆகும் என்றார். போக்சோ 11-ஆம் பிரிவிலேயே, உண்மையான சித்திரிப்பானாலும் புனையப்பட்டதானாலும் அதைக் காட்டி மிரட்டுவது பாலியல் தொல்லை என்று இருக்கிறதாம். சட்டம் 2012-இல் வந்தது, இன்றைய ஏஐ கூத்தெல்லாம் அப்போது ஏது? 'புனையப்பட்டது' என்ற அந்த ஒரு சொல் அப்போதே உள்ளே இருந்திருக்கிறது.

நான் பேச்சுவாக்கில் 'குழந்தை ஆபாசப் படம்' என்றேன். உடனே திருத்தினார். ஆபாசம் என்றால் ஏதோ விருப்பப்பட்டு நடித்தது போல ஆகிவிடும், நடந்தது சுரண்டல் என்றார். உச்ச நீதிமன்றமும் 2024 செப்டம்பர் தீர்ப்பில் அந்தச் சொல்லை விடச் சொல்லியிருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகுதான் வேடிக்கை. விஷயத்தைப் பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம் என்றது எங்கள் நிர்வாகம். பயிற்சியாளராக வந்த அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அன்று சாயங்காலமே புகார் போனது.

சிட்னி வாசி

இங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. தவறினால் அபராதம் நிறுவனங்களுக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. என் மகள் கணக்கு போனதும் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். இது நல்லதா என்று என்னைக் கேட்காதீர்கள், வீட்டிலேயே இரண்டு கட்சி. ஆனால் இதை நடத்தும் இ-சேஃப்டி ஆணையர் அலுவலகத்துக்கு அந்தரங்கப் படத்தை நீக்கச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரமே இருக்கிறது. 2015-இலிருந்து அந்த அலுவலகம் இருப்பது இந்தத் தடை வரும்வரை எனக்குத் தெரியாது.

முன்னாள் ஹெல்ப்லைன் ஆள்

கோவை சகோதரி, அந்த எஸ்.ஐ. மஃப்டியில் வந்தது அவருடைய பெருந்தன்மை மட்டுமல்ல. போக்சோ 24-ஆம் பிரிவில் அப்படித்தான் இருக்கிறது: வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டில் அல்லது அது விரும்பும் இடத்தில் வாங்க வேண்டும், முடிந்தவரை எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை கூடாது. ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் இதைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும் ஊர்களும் இருக்கின்றன.

நான் மூன்று வருடம் குழந்தைகள் உதவி எண்ணில் வேலை பார்த்தேன். இப்போதைய பிள்ளைகள் 1098-ஐ மனப்பாடம் செய்திருந்தால் போதும், அதை அரசே நடத்துகிறது. எங்களுக்கு வந்த அழைப்புகளில் நிறைய, வெறும் மூச்சுச் சத்தம்தான். அப்படியே இரண்டு நிமிடம் காத்திருந்தால் ஒரு கேள்வி வரும்: "எங்க வீட்ல சொல்லிடுவீங்களா?" மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாத்தியார் சொன்ன அதே 19-ஆம் பிரிவு என்னையும் கட்டியது. உண்மையைச் சொன்னால் சிலர் வைத்துவிடுவார்கள். அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அழைப்பு துண்டிக்கப்பட்ட பிறகு ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த இரவுகள் உண்டு. எங்கள் மேற்பார்வையாளர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பொய் சொல்லாதே. யார்கிட்ட முதல்ல சொல்லலாம்னு அந்தப் பிள்ளையையே கேளு." பாதிப் பேர் பெயர் சொல்வார்கள். அம்மா அப்பா பெயர் அபூர்வம். பெரும்பாலும் அத்தை, சித்தி, இல்லாவிட்டால் டியூஷன் அக்கா.

கோவை அம்மா

படித்ததும் பக்கென்றது. அந்தப் பட்டியலில் என் தங்கை பெயர் இருந்தது என்று எழுதினேன் அல்லவா? மகன் எங்களுக்கு முன்னால் அவளிடம்தான் சொல்ல நினைத்தானாம். பட்டியலில் அவள் பெயரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். நேற்று ராத்திரி கேட்டபோது சொன்னான்.

போன் திரும்பக் கிடைத்ததா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். அவனிடம்தான் இருக்கிறது. பத்தரைக்கு ஹாலில் சார்ஜில் போடுகிறான். எங்களுடையதும் அங்கேதான் கிடக்கின்றன. தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வருவாள், அப்போது தானே சொல்லிக்கொள்கிறேன் என்கிறான்.