தப்பான பேப்பரா, திருட்டுப் பேப்பரா?

வைகைக்கரை:
கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த ஜிஎஃப்ஏஜே-1 பாக்டீரியா, பாஸ்பரஸ் இல்லாவிட்டால் டிஎன்ஏவிலேயே ஆர்செனிக் என்ற நஞ்சைச் சேர்த்துக்கொள்கிறது என்று 2010-ல் ஃபெலிசா வுல்ஃப்-சைமன் குழு எழுதியது நினைவிருக்கிறதா? நாசா பிரஸ் மீட் வைத்துக் கொண்டாடிய ஆய்வுப் பேப்பர். 2012-ல் அதே ‘சயின்ஸ்’ ஜர்னலில் வந்த இரண்டு ஆய்வுகள் அதைத் தவிடுபொடியாக்கின. கதை அத்தோடு முடிந்தது. இப்போது, 2025 ஜூலையில், ஜர்னல்காரர்கள் பேப்பரை ரிட்ராக்ட் செய்திருக்கிறார்கள், அதாவது செல்லாது என்று திரும்பப் பெற்றிருக்கிறார்கள். மோசடி இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள், எழுதியவர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு எதற்கு இந்தக் கருமாதி? தப்பாய்ப் போன பேப்பரையெல்லாம் எடுத்தால் லைப்ரரியில் அலமாரிதான் மிஞ்சும்.

சோதனைக்குழாய்:
எடுக்கவில்லை சார். பேப்பர் இருந்த இடத்திலேயே இருக்கும், மேலே ‘ரிட்ராக்ட் ஆனது’ என்று முத்திரை விழும், அவ்வளவுதான். 2012-ல் முடிந்தது என்கிறீர்கள், யாருக்கு? விவரம் தெரிந்த நமக்கு. கூகுளில் தேடி 2010 பேப்பரை மட்டும் திறக்கும் மாணவனுக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, பிறகு வந்த தரவால் பொய்த்துப்போவது வேறு, இது வேறு. பாக்டீரியாவை வளர்த்த கரைசலிலேயே துளி பாஸ்பேட் கலந்திருந்தது, அந்தத் துளியை வைத்தே அது பிழைத்தது. டிஎன்ஏவையும் சரியாகச் சுத்திகரிக்கவில்லை. நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்ட் சில நாளிலேயே தன் வலைப்பூவில் இதைப் போட்டு உடைத்தார். அந்தப் பரிசோதனையை வைத்து அந்த முடிவுக்கு அன்றைக்கே வந்திருக்க முடியாது.

வைகைக்கரை:
அப்படியானால் அது, வெளியிடும் முன் பேப்பரைச் சரிபார்த்த ரிவ்யூவர்கள், எடிட்டர்கள் கோட்டைவிட்டது. கறை மட்டும் எழுதியவர் மேலா? ஜிஎஃப்ஏஜே என்பதே ‘ஃபெலிசாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்’ என்பதன் சுருக்கம்தான். விளையாட்டாக வைத்த பெயர், இன்று படிக்கையில் வயிற்றைப் பிசைகிறது. 12 குழந்தைகளை வைத்துத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 ‘லான்செட்’ பேப்பரையும் 2010-ல் ரிட்ராக்ட் செய்தார்கள். அது புரட்டு. அவருக்கும் இவருக்கும் ஒரே முத்திரையா?

மூன்றாம்வருஷபிஎச்டி:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் லேபில் ஒரு அக்கா, தான் பப்ளிஷ் பண்ணிய பேப்பரில் யூனிட் மாறிப்போனதைத் தானே கண்டுபிடித்தார். ஜர்னலுக்கு எழுதட்டுமா என்று கேட்டதற்கு கைடு சொன்னது: “வாயைத் திறக்காதே.” 2025-லிருந்து மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசையில் ரிட்ராக்ட் ஆன பேப்பருக்கு மதிப்பெண் கழிக்கிறார்கள். நேர்மையான பிழையா, திருட்டா என்று எங்கள் நிர்வாகம் உட்கார்ந்து ஆராயுமா என்ன? எத்தனை என்றுதான் பார்க்கும்.

சோதனைக்குழாய்:
தம்பி, கைடு சொன்னது அயோக்கியத்தனம். 2018-ல் வேதியியல் நோபல் வாங்கிய பிரான்சிஸ் அர்னால்ட், 2019-ல் வந்த பேப்பரை 2020 ஜனவரியில் தானே திரும்பப் பெற்றார். முடிவுகள் மறுபடி கிடைக்கவில்லை, பேப்பரில் முதல் பெயராக இருந்தவரின் லேப் நோட்டில் பதிவுகள் விடுபட்டிருந்தன. வேலை மும்முரத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்று ட்விட்டரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். யாராவது திருடி என்றார்களா?

மூன்றாம்வருஷபிஎச்டி:
நோபல் வாங்கியவர் மன்னிப்புக் கேட்டால் பெருந்தன்மை அண்ணா. நாங்கள் கேட்டால் மெமோ.

வைகைக்கரை:
இதைத்தான் நானும் சொல்கிறேன். தானாக முன்வருகிறவருக்கு வேறு ஒரு சொல் வேண்டும்.

சோதனைக்குழாய்:
காரணத்தை அறிவிப்பிலேயே போடுகிறார்கள் சார், படிக்கத்தான் ஆளில்லை. வேறு சொல் வந்தால் திருடனும் அதைத்தான் கேட்டு வாங்குவான். தம்பி, அந்த அக்காவிடம் சொல்லு: யூனிட் பிழைக்கு ரிட்ராக்‌ஷன் வரை போகவேண்டியதில்லை. முடிவு மாறாவிட்டால் திருத்தம் போட்டாலே போதும், மூலத் தரவோடு எடிட்டருக்கு எழுதச் சொல்லு.

மூன்றாம்வருஷபிஎச்டி:
முடிவு மாறுகிறது அண்ணா.