கொலுசுப் பட்டறை பில்லிங்: ஜாவா 8-ஐ எடுத்து 21 போட்டதும் மூன்று தகராறு

லீபஜார்_கணக்கு
செவ்வாய்பேட்டை பட்டறை ஒன்றில் ஓடும் பழைய ஜாவா ஸ்விங் (ஜாவாவின் திரை வடிவமைப்புத் தொகுப்பு) பில்லிங். ஜாவா 8 (32 பிட்) இருந்த இடத்தில் இப்போது 64 பிட் ஜாவா 21. ரிப்போர்ட் எடுத்தால் ஜாக்ஸ்-பி (எக்ஸ்எம்எல் தரவைப் படிக்க, எழுத உதவும் தொகுப்பு) கிளாஸ் இல்லை என்கிறது, தராசு எடை வரவில்லை, பார்ட்டி பெயரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

கொண்டலாம்பட்டி_8
ஓடுற வண்டியை ஏங்க பிரிக்கணும்? ஜாவா 8 32 பிட் ஃபோல்டரை புரோகிராமுக்குள்ளேயே போடுங்க. புரோகிராமைத் திறக்கும் பேட்ச் ஃபைலில் அதன் முழுப் பாதையைக் கொடுங்க, ஜாவா ஹோமை (எந்த ஜாவா என்று விண்டோஸில் குறிச்சு வைக்கும் அமைப்பை) நம்பாதீங்க. மூணும் சரியாயிடும்.

இருபதாம்_வளைவு
மூன்றாவது, அதாவது பெயர்கள், சரியாகும் என்று நிச்சயமில்லை. பெயர்கள் டெக்ஸ்ட் ஃபைலில் பழைய 8 பிட் தமிழ் எழுத்துருவில் இருக்கும். ஜாவா 18 முதல் இயல்பு என்கோடிங் (பைட்டுகளை எழுத்தாகப் படிக்கும் முறை) யுடிஎஃப்-8. அதற்கு முன் விண்டோஸில் 1252. 21 அந்த பைட்டுகளைப் படிக்க முடியாமல், படிக்க முடியாத எழுத்துக்குப் பதிலான மாற்றுக்குறியைப் போடும். அதே திரையில் ‘சேமி’ அழுத்தினால் மாற்றுக்குறிதான் ஃபைலில் ஏறும், பழைய பெயர் போயே போச்சு. 8-க்குத் திரும்பினாலும் வராது. அண்ணா, முதலில் என்ட்ரியை நிறுத்தி, பேக்கப் எடுங்க. பிறகு ஃபைல் என்கோடிங்குக்கு ‘காம்பாட்’ (பழைய இயல்புப்படி படிக்கச் சொல்வது) மதிப்பு கொடுத்துத் திறந்து பாருங்க.

மற்றது சின்ன வேலை. ஜாக்ஸ்-பி ஜாவா 11-லேயே நீக்கப்பட்டது, 2.3 வரிசை ஜாரை (ஜாவா தொகுப்பு ஃபைல்) சேர்த்தால் போதும். 3, 4 எடுத்தால் பேக்கேஜ் பெயர் ஜகார்த்தா ஆகிவிடும், இம்போர்ட் எல்லாம் மாத்தணும்.

கொண்டலாம்பட்டி_8
பேக்கப் விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா ‘சின்ன வேலை’யா? ஸ்விங்கின் உள் ஃபீல்டைத் தொடும் பழைய லுக் அண்ட் ஃபீல் (திரைத் தோற்றத் தொகுப்பு) ஜாவா 16-லிருந்து அடி வாங்கும். விண்டோஸில் 125% ஸ்கேலிங் (எழுத்து, பட்டனைப் பெரிதாக்குவது) வெச்சா 1366×768 திரையில் ‘சேமி’ பட்டனே கீழே மறைஞ்சிடும். பாதுகாப்புன்னு சொல்லாதீங்க, டிஎல்எஸ் 1.3 (இணையத் தொடர்பை மறையாக்கும் முறை) கூட 8-இன் 261-ஆம் அப்டேட்டிலேயே வந்தாச்சு.

இருபதாம்_வளைவு
முதலாவதுக்கு ஜாரின் மேனிஃபெஸ்டில் (விவரக் குறிப்பு ஃபைல்) ஆட்-ஓப்பன்ஸ் வரி, அது உள் ஃபீல்டுகளைத் தொட அனுமதிக்கும். இரண்டாவதுக்கு ஜாவாவின் யுஐ ஸ்கேல் அமைப்பை 1 என்று வைத்தால் போதும், திரை பெரிதாகாது. எது உடைகிறது என்று ஊகிக்க வேண்டாம், ஜாவாவோடு வரும் ஜேடெப்ஸ் கருவியை ஓட்டினால் ஜேடிகே (ஜாவா தொகுப்பு) உள் வகுப்புகளைக் கைநீட்டும் ஜார்களைப் பட்டியல் போடும். ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போது பெயர் சொல்லி வகுப்பைத் தேடுவது) மட்டும் அதில் தெரியாது, அதை ஓட்டித்தான் பார்க்கணும். 32 பிட் விண்டோஸுக்கான ஜாவாவே 24-இல் நீக்கப்பட்டுவிட்டது. தராசோடு பேசும் அந்த 32 பிட் டிஎல்எல்லை (விண்டோஸ் துணை ஃபைல்) இன்னும் எத்தனை நாள் கட்டிக் காப்பீங்க?

கொண்டலாம்பட்டி_8
யூனிகோடுக்கு மாத்துறதையும் சேர்த்துச் சொல்லுங்க. பழைய எழுத்துருவில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் பின்னால். வெறும் எழுத்து மாற்றம் செய்தால் ‘கொலுசு’ குப்பையாகும். வரிசையும் மாத்தணும். தீபாவளி சீசனில் இதைத் தொடவே கூடாது.

லீபஜார்_கணக்கு
இப்போதைக்கு ஃபோல்டருக்குள் 8, தை முடிந்ததும் 21. தராசுக்கு?

இருபதாம்_வளைவு
சீரியல் போர்ட்டில் தராசைப் படிக்கும் பழைய தொகுப்பான ஆர்எக்ஸ்டிஎக்ஸின் 32 பிட் டிஎல்எல்லை 64 பிட் ஜாவா ஏற்காது. அதே வேலை செய்யும் ஜேசீரியல்காமுக்கு மாறுங்க. தராசு மெனுவில் உள்ள பாட் ரேட்டையே (தரவு அனுப்பும் வேகம்) கொடுங்க; பெரும்பாலும் 9600, 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப். ஜேசீரியல்காம் இயல்பாக முழு எடை வரும்வரை காத்திருக்காமல் படிக்கும். டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) வைத்து, வரி முடிவு வரும்வரை சேர்த்த பிறகே எண்ணாக மாற்றுங்க. இல்லையென்றால் 125.40 கிராம் பில்லில் 12 என்று ஏறும்.