பழைய சிங்கர் செருப்பு தைக்கிற மெஷின், இது எந்தக் காலத்துது?

பழையஇரும்பு:
வணக்கம் மக்களே, நான் இருக்கிறது மான்செஸ்டர் பக்கம். இங்க பழைய சாமான் சந்தையில ஷூ ரிப்பேர் மெஷின் ஒண்ணு வாங்கிட்டேன், வீட்டுல இன்னும் திட்டு விழுது அது வேற கதை. இரும்புக் கால், பெடல், முன்னாடி தும்பிக்கை மாதிரி ஒல்லியா ஒரு கை நீட்டிட்டு இருக்கு. சிங்கர் 29கேன்னு படிக்க முடியுது, மீதி தேஞ்சு போச்சு. சீரியல் நம்பர் ஒய்-ல ஆரம்பிக்குது. வித்தவர் 150 வருஷப் பழசுன்னு சத்தியம் பண்ணாரு. நெசமா? இந்த டிசைன் எதுக்காக வந்துச்சு?

நூல்கண்டு:
நல்லா ரீல் விட்டிருக்காரு 😄 கே-ன்னா கில்போவி, ஸ்காட்லாந்து கிளைட்பேங்க்ல சிங்கர் கட்டின ஃபேக்டரி. அதுவே 1880கள்லதான் வந்துச்சு. ஒய் நம்பர்லாம் 1920கள்ல இருந்துதான், அதனால உங்களுது நூறு வருஷம் முன்னபின்ன இருக்கும். அந்த ஃபேக்டரி சாதாரணப்பட்டது இல்ல, 1911 ஸ்ட்ரைக் அப்போவே 11,000 பேர் கிட்ட வேலை பார்த்தாங்க, 1980ல மூடிட்டாங்க. ஆனா பக்கத்து ரயில்வே ஸ்டேஷனுக்கு இன்னிக்கும் பேரு சிங்கர்தான்.

தோல்பட்டறை:
வயசு சரி, ஆனா இந்த ஒல்லிக் கை சிங்கரோட சொந்த ஐடியான்னு நினைச்சுடாதீங்க. விக்டோரியா ராணி காலத்துல கணுக்கால் ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் வெச்ச பூட்ஸ் ரொம்ப ஓடுச்சு, ஸ்பார்க்ஸ் ஹால்னு ஒரு லண்டன்காரர் ராணிக்கே செஞ்சு குடுத்தாரு. எலாஸ்டிக் தொங்கிப் போனா பிரிச்சு மாத்தித் தைக்கணும், தைச்சு முடிச்ச பூட்ஸுக்குள்ள தட்டை மெஷின் எப்படிப் போகும்? அதுக்குத்தான் இந்தக் கை. உங்க ஊர் பக்கத்துல ஓல்டாம்ல பிராட்பரி கம்பெனி, ஜெர்மனில ஆட்லர், கிளாஸ்னு ரெண்டு கம்பெனி, எல்லாருமே இந்த மாதிரி போட்டாங்க.

இதுல எனக்குப் பிடிச்சதே அந்த ஃபுட்தான், அதாவது ஊசி பக்கத்துல தோலை அழுத்திப் பிடிக்கிற பாகம். கை ஒல்லியா இருக்கறதால சாதா மெஷின் மாதிரி துணியை நகர்த்துற பல்லைக் கீழ வைக்க இடமில்ல, மேல இருக்கிற ஃபுட்டே தோலைக் கவ்வி இழுக்கும், அதை முழு வட்டமா திருப்பலாம், அதனால ஷூவைத் திருப்பாமலே எந்தப் பக்கமும் தையல் ஓட்டலாம். சாதா தையல் மெஷின்ல இதை நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது.

பழையஇரும்பு:
சூப்பர்ணா 🙏 நூல் எப்படிக் கோக்கிறது? ஊசிக்கு மேல வழியே தெரியல.

தோல்பட்டறை:
ஊசி மாட்டியிருக்கிற கம்பி உள்ள பொள்ளலா இருக்கும் தம்பி, நூல் அதுக்குள்ளாறதான் இறங்கும். மெல்லிசா ஒரு கம்பியை விட்டு இழுங்க. அதுக்கு முன்னாடி கை நுனியில ஷட்டிலை (அடிநூல் இருக்கிற பாகம்) ஓட்டுற பல்சக்கரத்தைப் பாருங்க, பல்லு தேஞ்சிருந்தா தையல் விட்டு விட்டுதான் விழும்.

பழையஇரும்பு:
பார்த்தேன், கொஞ்சம் ஆடுது. பல்லு உடையல.

நூல்கண்டு:
அப்போ மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சிட்டு மெஷின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறப் போடுங்க, பாதி ஆட்டம் பழைய அழுக்காவே இருக்கும். பெயிண்ட் மட்டும் அடிச்சிடாதீங்க.