நிர்வாகம் பேச வந்தாலே கடமை முடிந்துவிடுமா? கூட்டுப் பேரத்தில் இரு தரப்பின் பொறுப்புகள்

கேள்வி

தோழர்களுக்கு வணக்கம். எங்கள் சங்கம் கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஒன்பது சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்துவிட்டது. நிர்வாகத்தின் சார்பில் வருபவர்கள் மரியாதையாகவே பேசுகிறார்கள், குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள், மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறி எழுந்துவிடுகிறார்கள். ஊதிய உயர்வு கட்டுப்படியாகாது என்கிறார்கள். கணக்கைக் கேட்டால் காட்ட மறுக்கிறார்கள். போதாக்குறைக்குப் போன மாதம் ஷிப்ட் நேரத்தை எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் மாற்றி, அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டார்கள். பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், எந்தக் கடமையை மீறினோம் என்பது அவர்கள் வாதம். இது செல்லுமா? சங்கத்துக்கும் இப்படிக் கடமைகள் உண்டா என்று எங்கள் உறுப்பினர்களே கேட்கிறார்கள்.

மறுமொழி 1

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நல்லெண்ணத்துடன் பேச வேண்டும் என்பதுதான் கடமை. உடன்பட்டே ஆக வேண்டும் என்பது கடமையன்று. இதை மிக விரிவாக வகுத்துச் சொன்னது அமெரிக்கச் சட்டம். 1935 ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பேச மறுப்பதை முதலாளியின் நியாயமற்ற தொழில் நடைமுறையாக்கியது. 1947 ஆம் ஆண்டுத் திருத்தம் அதே கடமையைச் சங்கத்தின் மீதும் சுமத்தியதுடன், எந்த முன்மொழிவையும் ஏற்குமாறோ விட்டுக்கொடுக்குமாறோ யாரையும் வற்புறுத்த இயலாது என்றும் எழுதி வைத்தது. ஆனால் உரிய நேரத்தில் சந்திப்பதும், மனத்திறப்போடு விவாதிப்பதும், உடன்பாடு ஏற்பட்டபின் ஒரு தரப்பு கேட்டால் எழுத்தில் கையொப்பமிடுவதும் கட்டாயம். முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாத ஒருவரை ஒன்பது முறை மேசைக்கு அனுப்புவது, பேச மனமில்லை என்பதற்கு ஓர் அடையாளமாகவே எடைபோடப்படும்.

மறுமொழி 2

கணக்கு விஷயத்தில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. ட்ரூயிட் நிறுவன வழக்கில் சங்கம் மணிக்கு 10 சென்ட் உயர்வு கேட்டது. இரண்டரை சென்ட்டுக்கு மேல் கொடுத்தால் நொடித்துவிடுவோம் என்ற நிறுவனம், அதற்குச் சான்றைக் காட்ட மறுத்தது. இயலாமையை வாதமாக முன்வைத்தவர், கேட்கும்போது அதை மெய்ப்பிக்கும் தகவலையும் தர வேண்டும் என்ற நிலைப்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1956 இல் ஏற்றது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. "எங்களால் இயலாது" என்பதும் "நாங்கள் தர விரும்பவில்லை" என்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல; இரண்டாவதைச் சொன்னவரிடம் கணக்கைத் திறக்கச் சொல்லும் உரிமை பொதுவாக எழாது. நான் பங்கேற்ற ஒரு பேச்சுவார்த்தையில் நிர்வாகம் மூன்று முறை "பணம் இல்லை" என்றது. ஆனால் நடவடிக்கைக் குறிப்பேட்டில் நாங்கள் எழுதியதோ "நிதி நிலை விவாதிக்கப்பட்டது" என்ற மூன்றே சொற்கள். விசாரணையில் அந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு எங்களால் எதையும் நிறுவ முடியவில்லை. ஆகவே அவர்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே, தேதியோடு எழுதி, இரு தரப்பும் கையொப்பமிடச் செய்யுங்கள்.

ஷிப்ட் மாற்றத்தைப் பொறுத்தவரை, 1962 இல் அதே நீதிமன்றம் காட்ஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு நேராகப் பொருந்துகிறது. பேச்சில் இருக்கும் பணி நிபந்தனையைத் தன்னிச்சையாக மாற்றுவது, உள்நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேச மறுப்பதற்குச் சமம் என்றது அத்தீர்ப்பு. ஆனால் உண்மையிலேயே முட்டுக்கட்டை விழுந்துவிட்டால், தன் கடைசி முன்மொழிவை நிர்வாகம் நடைமுறைப்படுத்த அங்கே இடமுண்டு. எனவே கோபத்தில் "இனிப் பேச ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றில் ஒரு சேர்க்கை. இவை அமெரிக்கத் தீர்ப்புகள். எல்லா நாடுகளிலும் இப்படியே இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 98 ஆம் உடன்படிக்கை (1949) தன்னார்வப் பேச்சுவார்த்தையை ஊக்குவிக்குமாறு அரசுகளைக் கேட்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1995 ஆம் ஆண்டுச் சட்டம் பேச வேண்டும் என்ற பொதுக் கடமையையே விதிக்காமல், வேலைநிறுத்த உரிமையின் வலிமையில் பேரத்தை விட்டுவிட்டது. இந்தியாவிலோ 1947 ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, நல்லெண்ணத்துடன் பேச மறுப்பதை முதலாளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட சங்கத்துக்கும் ஒருங்கே நியாயமற்ற நடைமுறையாக வைத்தது.

சங்கத்தின் கடமையைப் பற்றிக் கேட்ட உறுப்பினர்களைப் பாராட்ட வேண்டும். எதிர்த்தரப்போடு நேர்மையாகப் பேசுவது அதில் ஒரு பாதிதான்; யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களுக்குச் செய்ய வேண்டியது மறுபாதி. அமெரிக்க ரயில்வேயில், எஞ்சின் நெருப்பைப் பேணும் ஃபயர்மேன்களின் சங்கமொன்று கறுப்பினத் தொழிலாளர்களை உறுப்பினராகச் சேர்க்காமலே அவர்களுக்கும் சேர்த்துப் பேசும் ஒரே பிரதிநிதியாக இருந்து, அவர்களை வேலையிலிருந்து ஓரங்கட்டும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. அனைவருக்கும் பேசும் அதிகாரத்தைப் பெற்றவர், உறுப்பினர் அல்லாதவருக்கும் பாகுபாடின்றி நியாயமாகப் பேசியே தீர வேண்டும் என்று 1944 இல் ஸ்டீல் வழக்கில் தீர்ப்பானது. அந்த அதிகாரம் நம் கையில் இருக்கும் வரை, சந்தா கட்டாதவரின் குறையையும் மேசைக்குக் கொண்டுபோவது சலுகையன்று, கடன்.

கேட்டவர்

மிக்க நன்றி, தோழர்களே. எங்கள் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். நான்காம் சுற்றிலும் ஆறாம் சுற்றிலும் "நிறுவனத்தால் இயலாது" என்றே பதிவாகி, அவர்களின் கையொப்பமும் இருக்கிறது. அந்த இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டு, கணக்கைக் கேட்டும் ஷிப்ட் மாற்றத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியும் நாளை எழுத்தில் கொடுக்கிறோம். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் அடுத்த சுற்றுக்கு வர வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்க்கிறோம்.