ஐந்து கடல் மைல் எத்தனை கிலோமீட்டர்? (ஆமை விவாதத்தின் தொடர்ச்சி)

நெய்தல்வாசி:
நேற்று கரைநடையன் எழுதியதை இப்போதுதான் படித்தேன். "இரவெல்லாம் கண்விழித்து முட்டைகளைக் காப்பது தன்னார்வலர்கள், ஆமைகளைக் கொல்வது மீனவர்கள். எட்டு கிலோமீட்டருக்குள் படகு வரக்கூடாது என்ற சட்டத்தைக்கூட அவர்கள் மதிப்பதில்லை" என்கிறார். ஐயா, அந்தச் சட்டம் இழுவைமடி (கடலடியில் இழுத்துச் செல்லும் பை வலை) போடும் விசைப்படகுகளுக்கு. என் அப்பாவின் ஃபைபர் படகுக்கு அல்ல. தூரமும் எட்டு அல்ல. சட்டம் சொல்வது கரையிலிருந்து ஐந்து கடல் மைல், அதாவது ஒன்பதே கால் கிலோமீட்டர்.

கரைநடையன்:
ஐந்து மைல் எட்டு கிலோமீட்டர்தான். பள்ளிக்கூடத்துக் கணக்கு. அது கிடக்கட்டும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அவை தற்கொலையா செய்துகொண்டன? நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்தவன் நான். கண் பிதுங்கி, கழுத்து உப்பிக் கிடந்தவற்றை ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணவே மனம் வரவில்லை.

நெய்தல்வாசி:
நிலத்து மைல் வேறு, கடல் மைல் வேறு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். விரல்கள் போதவில்லை என்றால் ஆமையின் துடுப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் விட்ட ஒன்றேகால் கிலோமீட்டரில் எத்தனை மடி இழுக்கலாம் தெரியுமா? முட்டையிட வரும் ஆமைகள் கரையை ஒட்டித்தான் திரிகின்றன. சட்டத்தைக் காக்க வந்தவரே எல்லையைச் சுருக்கிக் கொடுத்தால் விசைப்படகுக்காரர்கள் உங்களுக்கு மாலை போடுவார்கள்.

காசிமேட்டான்:
மாலையும் வேண்டாம், பழியும் வேண்டாம். ஆமை விலக்குக் கருவியை மடியில் பொருத்தினால் ஆமையோடு மீனும் வெளியேறிவிடுகிறது. டீசல் காசை நெய்தல்வாசி தருவாரா? மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் படகைக் கட்டிப்போடுகிறோமே, அது கடலுக்குச் செய்யும் தொண்டு இல்லையா? உங்கள் செவுள் வலையில் (மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் வலையில்) ஆமை சிக்குவதே இல்லையா?

நெய்தல்வாசி:
தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இங்கே முட்டையிட வரும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) கரையேறுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. விருந்தாளி போன பிறகு வாசலைக் கூட்டுவதற்கு இவ்வளவு பெருமையா?

செவுள் வலையிலும் சிக்குகிறது, மறுக்கவில்லை. போன தை மாதம் அப்பாவின் வலையில் ஒன்று சிக்கியது. வலையின் நரம்பு முன்துடுப்பில் இறங்கித் தோல் வெளுத்திருந்தது. அப்பா கத்தியை எடுத்து வலையைத்தான் அறுத்தார், இரண்டு முழத்துக்கு. தண்ணீரில் விட்டதும் ஒரு முறை தலையைத் தூக்கிப் புஸ்ஸென்று மூச்சுவிட்டுவிட்டு முங்கியது. ஆமைக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். மணிக்கணக்கில் இழுக்கும் மடிக்குள் அது எப்படி மூச்சுவிடும்? அறுத்த வலையை மறுநாள் முழுதும் நான் உட்கார்ந்து கோத்தேன். அதற்கு எந்தத் தன்னார்வலரும் டார்ச் பிடிக்கவில்லை.

கரைநடையன்:
ஒரு ஆமையை விட்டதற்கு ஒரு புராணமா? 1988 முதல் மாணவர்கள் இந்தக் கரையில் நடக்கிறார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். நாய் தோண்டுவதற்குள் எடுத்துப் பொறிப்பகத்தில் புதைத்து, ஒன்றரை மாதம் காவல் இருந்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறோம்.

உயிரியல் ஆசிரியை:
பொரிப்பகம். இடையின ரகரம். பொறிப்பது கல்வெட்டில்.

கரைநடையன்:
வந்துவிட்டார் தமிழம்மா. நண்டு பற்றிய விவாதத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

உயிரியல் ஆசிரியை:
அதிலும் நான் சொன்னதுதான் சரி, நீங்கள்தான் பதில் சொல்லாமல் ஓடினீர்கள். இப்போதும் கேட்கிறேன்: கண்ட கூட்டையெல்லாம் தோண்டி எடுப்பது எதற்கு? மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது. சூடு கூடினால் பெண்கள். நிழல்வலை கட்டியிருக்கிறீர்களா?

கரைநடையன்:
விளக்கு வெளிச்சமும் நாயும் இல்லாத கடற்கரையை முதலில் எனக்குக் காட்டுங்கள் அம்மா. பிறகு கூட்டைத் தொடாமல் விடுகிறேன்.

நெய்தல்வாசி:
முட்டை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது, அதையும் எழுதுங்கள். எங்கள் குப்பத்தில் விடியற்காலை வலை இழுக்கப் போகிறவன் ஆமை ஊர்ந்த தடத்தை டிராக்டர் தடம்போல மணலில் பார்த்தால் உடனே உங்களுக்குத்தான் தொலைபேசியில் சொல்கிறான். நீங்கள் குச்சியால் குத்திப் பார்த்துக் கண்டுபிடித்ததாகப் படம் போடுகிறீர்கள். படத்தில் அவன் கால்கூடத் தெரிவதில்லை.

காசிமேட்டான்:
அப்படிச் சொல்லுங்கள்! இது நியாயம்.

நெய்தல்வாசி:
நீங்கள் கை தட்ட வேண்டாம். உங்கள் படகுகள் எங்கள் வலையை இழுத்துக்கொண்டு போன கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

காசிமேட்டான்:
அது எங்கள் படகு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கரையிலிருந்து எத்தனை தூரத்தில் நடந்தது?

நெய்தல்வாசி:
எட்டரை கிலோமீட்டர். எல்லைக்கு உள்ளே.

காசிமேட்டான்:
கரைநடையன் கணக்குப்படி அது எல்லைக்கு வெளியே.

கரைநடையன்:
என்னை எதற்கு இழுக்கிறீர்கள்? ஐந்து மைல் எட்டு கிலோமீட்டர் என்றுதான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

நெய்தல்வாசி:
கடல் மைல், ஐயா. கடல்!