புதுப்பிப்பு: போர் தண்ணீர்ப் புள்ளிகளுக்கு க்ளே பார் போதாது

கருப்புக் காரில் போர் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் புள்ளிகளுக்கு க்ளே பார் (பெயிண்ட் மேல் தேய்க்கும் களிமண் போன்ற கட்டி) போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. க்ளே பார் ஒட்டிய அழுக்கை எடுக்கும். காய்ந்து இறுகிய சுண்ணாம்புக்கு அமிலம் வேண்டும்.

வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு. நிழலில், பானெட் கைக்குச் சுடாதபோது, மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்துப் புள்ளிகள்மேல் ஒன்றிரண்டு நிமிடம் போர்த்துங்கள். காய விடவே கூடாது. பிறகு ஷாம்பு போட்டுக் கழுவி உடனே துடையுங்கள். கழுவுவதும் போர் தண்ணீரில்தான் என்றால் ஒரு சொட்டுகூட மிஞ்சக் கூடாது, கண்ணாடி ரப்பர் இடுக்கு உட்பட. வினிகர் பட்ட இடத்தில் வாக்ஸ் மறுபடி பூச வேண்டும்.

அதற்குப் பிறகும் வளையம் தெரிந்தால் பெயிண்ட் மேலுள்ள நிறமற்ற பூச்சான க்ளியர் கோட்டே அரிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பாலிஷ்தான் வழி. வினிகரை வைத்துத் தேய்க்காதீர்கள்.