இடுப்பை இடப்பக்கம் தள்ளியும் பந்துக்குப் பின்னால் தரையில் அடிபடுவது ஏன்?

ஏழாம்எண் எழுதியது:

வணக்கம். இரண்டரை ஆண்டுகளாகக் கோல்ஃப் ஆடிவருகிறேன், வலக்கை ஆட்டக்காரன். தொலைவுக்கு அடிக்கும் நீண்ட கிளப்பான (மட்டையான) டிரைவரில் பெரிய குறை இல்லை. ஆனால் தரையில் கிடக்கும் பந்தை அடிக்கும் இரும்புத்தலைக் கிளப்பான ஏழாம் எண் அயர்னை எடுத்தால், பத்தில் நான்கு முறையாவது கிளப் பந்தைத் தொடுமுன் தரையைத் தொட்டுவிடுகிறது. புல் பெயர்ந்து வருகிறது, பந்து பாதித் தூரம்தான் போகிறது.

"எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது, இடப்பக்கம் கொண்டுவாருங்கள்" என்று பயிற்சியாளர் சொன்னார். அன்றிலிருந்து மூன்று மாதமாக, பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் தூக்கும் வீச்சு) உச்சியை அடைந்ததும் இடுப்பை இலக்கின் பக்கம், அதாவது இடப்பக்கம், தள்ளிவிட்டு அதன் பிறகே கையை இறக்குகிறேன். நிலைமை முன்னைவிட மோசமாகிவிட்டது. தரையில் அடிபடுவது குறையவில்லை. கூடவே சில பந்துகள் மேற்பகுதியில் மட்டும் அடிபட்டு உருண்டோடுகின்றன, சில வலப்பக்கம் ஒதுங்குகின்றன.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, எடை பார்க்கும் கருவிகள் இரண்டை அருகருகே வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு காலாக ஏறி நின்று பார்த்தேன். என் எடை 74 கிலோ. பந்தின் முன் நிற்கும் நிலையில் இரண்டிலும் 37 காட்டியது. பேக்ஸ்விங் உச்சியில் அசையாமல் நின்றால் வலது 55, இடது 19. அங்கிருந்து இடுப்பைத் தள்ளி நின்றால் வலது 30, இடது 44. ஆக எடை இடப்பக்கம் வந்துவிடுகிறது அல்லவா? ஆனால் முன்னாலிருந்து எடுத்த காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், பந்தில் படும் நேரத்தில் என் பெல்ட் பக்கிள் பந்தைத் தாண்டி முன்னால் இருக்கிறது, சட்டையின் இரண்டாவது பொத்தானோ பந்துக்கு ஒரு சாண் பின்னால் நிற்கிறது.

நான் அறிய விரும்புவது இரண்டு. எடையை மாற்ற வேண்டிய சரியான தருணம் எது? இடுப்பு, மேலுடல், கை, கிளப் என்ற வரிசையில் இறங்க வேண்டும் என்கிறார்களே, இடுப்பு தன் வேலையை முடிக்கும் வரை கையைப் பிடித்து நிறுத்திவைக்க வேண்டுமா?

பச்சைப்புல் எழுதியது:

பக்கிளையும் பொத்தானையும் பார்த்திருக்கிறீர்கள், எனவே பாதி விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பேன். கிளப் வரையும் வில்லின் தாழ்புள்ளி, அதாவது கிளப் மிகக் கீழே இறங்கும் இடம், இடுப்போடு சேர்ந்து நகர்வதில்லை. அந்த வில்லின் ஆரம் இடது தோளில் தொடங்கி, இடது கை வழியாகக் கிளப்பின் முனைவரை நீள்வதால், தாழ்புள்ளி ஏறத்தாழ இடது தோளுக்கு நேர் கீழே அமைகிறது. இடுப்பை மட்டும் முன்னால் தள்ளினால், விழாமல் இருப்பதற்காக மேலுடல் தானாகவே பின்னால் சாய்கிறது. இடது தோள் மேலெழுந்து பின்வாங்குகிறது. தாழ்புள்ளியும் அதைத் தொடர்ந்து பந்துக்குப் பின்னால் போய்விடுகிறது. தரை வந்துவிட்டதை உணரும் கைகள் கடைசிக் கணத்தில் கிளப்பை மேலே இழுத்துக்கொண்டால், பந்தின் தலையில் அடிபடுகிறது. இடுப்பு அளவுக்கு மீறி முன்னால் போனதால் கிளப் உடலுக்குப் பின்னால் சிக்கி, கிளப்பின் முகம் (பந்தில் படும் பரப்பு) வலப்பக்கம் திறந்தபடி வந்தால் பந்து வலப்பக்கம் போகிறது. நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றே.

அடுத்தது அந்தக் கருவி. அது சொன்ன எண்கள் பொய்யல்ல, ஆனால் நீங்கள் அசையாமல் நின்று எடுத்தவை. கருவியின் மேல் நின்றபடி சட்டென்று குந்திப் பாருங்கள்: இறங்கத் தொடங்கும்போது முள் 74க்குக் கீழே போகும், இறக்கத்தை நிறுத்தும் கணத்தில் 74ஐத் தாண்டி ஏறும். உங்கள் உடல் எடை மாறவில்லை. பாதம் தரையை அழுத்தும் விசைதான் மாறியது. ஸ்விங்கில் பேச வேண்டியது இந்த அழுத்தத்தைப் பற்றித்தான். எடை என்ற சொல்லைப் பயன்படுத்தப் போய், அழுத்தத்தை மாற்றுவதற்குப் பதிலாக உடலையே பெயர்த்து வைக்கிறோம்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. உடலை இடப்பக்கம் நகர்த்த வேண்டுமானால் வலது பாதத்தால்தான் தரையை உதைக்க வேண்டும், நடக்கும்போதும் அப்படித்தான். ஆகவே பேக்ஸ்விங்கில் வலது பாதத்தில் அழுத்தம் ஏறுவதன் முக்கியப் பணி, உடலை வலப்பக்கம் கொண்டுபோவதன்று. வலப்பக்கம் போகும் உடலை நிறுத்தி, திருப்பி இடப்பக்கம் அனுப்புவதுதான். தேர்ந்த ஆட்டக்காரர்களை அழுத்தத் தகடுகளின் மேல் நிறுத்தி அளந்தால், வலது பாதத்தின் அழுத்தம் உச்சியைத் தொடுவது பேக்ஸ்விங்கின் முடிவில் அன்று, அதற்கு வெகுமுன்பே, இடது கை தரைக்கு இணையாக வரும் கட்டத்தையொட்டித்தான் என்று தெரிகிறது. கிளப் இன்னும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே அழுத்தம் இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடுகிறது. டவுன்ஸ்விங்கில், அதாவது கிளப்பைப் பந்தை நோக்கி இறக்கும் வீச்சில், அதே இடது கை மீண்டும் தரைக்கு இணையாக வரும்போது, அழுத்தத்தில் முக்கால் பங்கு அளவுக்கு இடது பாதத்தில் சேர்ந்திருக்கும்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: நீங்கள் மாற்றத்தைத் தொடங்கும் இடமே தாமதமானது. டவுன்ஸ்விங் முழுவதும் ஏறத்தாழ கால் நொடியில் முடிந்துவிடுகிறது. பேக்ஸ்விங் அதைப் போல மூன்று மடங்கு நேரம் எடுக்கிறது. உச்சியில் நின்று "இப்போது தள்ளு" என்று மனம் சொல்லி உடல் கேட்பதற்கே ஐந்தில் ஒரு பங்கு நொடி போய்விடும். அதற்குள் கைகள் பந்தருகே வந்துவிடும். மாற்றத்தைப் பேக்ஸ்விங்குக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு: கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். வரிசை என்பது ஒன்று முடிந்தபின் மற்றொன்று தொடங்குவதன்று. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கவிந்தபடி நடக்கின்றன, ஒவ்வொன்றும் தன் உச்ச வேகத்தைத் தொடும் நேரம்தான் வரிசையாக வருகிறது. முதலில் இடுப்பு உச்ச வேகத்தைத் தொட்டு மெதுவாகிறது, பிறகு மார்பு, பிறகு இடது கை, கடைசியில் கிளப். தொழில்முறை ஆட்டக்காரரின் இடுப்பு நொடிக்குச் சுமார் 400 முதல் 500 பாகை வேகத்தில் சுழல்கிறது, கிளப்போ 2000 பாகையைத் தாண்டுகிறது. இடைப்பட்ட பெருக்கம் எங்கிருந்து வருகிறது? ஓடும் பேருந்தில் பிரேக் போட்டால் நிற்பவர் முன்னால் வீசப்படுகிறாரே, அதைப் போல ஒவ்வொரு உறுப்பும் மெதுவாகும்போது அதன் வேகம் அடுத்த உறுப்புக்குக் கைமாறுகிறது. சாட்டையின் பிடி நின்ற பிறகே அதன் நுனி சீறுகிறது. நீங்கள் இடுப்பை நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டே போவதால் அந்தக் கைமாற்றம் நடக்க வழியில்லாமல் போகிறது. இடது கால் ஊன்றி, முழங்கால் நிமிர்ந்து, தரையை எதிர்த்து மேலே தள்ளும்போதுதான் இடுப்பின் பக்கவாட்டு நகர்வு நின்று சுழற்சியாக மாறும்.

கைவீச்சு எழுதியது:

மேலே உள்ள விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் இத்தனை உறுப்புகளை எண்ணிக்கொண்டு எவராலும் பந்தடிக்க முடியாது. எர்னஸ்ட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழில்முறை ஆட்டக்காரர் முதல் உலகப் போரில் வலது காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். இழந்த பிறகும் நன்றாக ஆடினார், பிற்காலத்தில் பெயர்பெற்ற ஆசிரியரானார். அவர் வாழ்நாள் முழுவதும் சொன்னது ஒன்றுதான்: கிளப்பின் தலையை வீசுங்கள், உடல் பின்தொடரும். ஒரு கால் இல்லாதவரால் முடிந்தது என்றால், பாதங்களுக்கு இடையே அழுத்தத்தை மாற்றுவதற்கு இத்தனை முக்கியத்துவம் தேவையா? ஏழாம்எண் நண்பர் மூன்று மாதமாக இடுப்பையே நினைத்துக்கொண்டிருந்ததுதான் கேடு என்பது என் கருத்து.

பச்சைப்புல் எழுதியது:

ஜோன்ஸை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் அவர் இழந்தது வலது காலை என்பதைக் கவனியுங்கள். ஊன்றுவதற்கு அவருக்கு இருந்தது இடது கால்தான். பின்னால் தங்கிவிடும் வாய்ப்பே அவருக்கு இல்லை. நம் நண்பருக்கு வந்திருக்கும் நோய் அவருக்கு வந்திருக்கவே முடியாது. உங்கள் கட்சியை விட என் கட்சிக்கே அந்த எடுத்துக்காட்டு வலுச்சேர்க்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.

எல்லோருக்கும் ஒரே வடிவம் என்று நான் சொல்லவில்லை என்பதையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 62 ஆட்டக்காரர்களை அழுத்தத் தகடுகளில் நிறுத்தி டிரைவரால் அடிக்கவைத்துப் பார்த்தபோது, இருவேறு பாணிகள் தென்பட்டன. பெரும்பாலோருக்கு அழுத்தம் பந்தில் படும் வரை முன்காலிலேயே (வலக்கை ஆட்டக்காரருக்கு இடது கால்) நிலைத்தது. மற்றவர்களுக்கு முதலில் முன்காலுக்குப் போன அழுத்தம், பந்தில் படும் நேரத்தில் பின்கால் பக்கம் திரும்பியது. இரண்டாவது பாணி தொடக்கநிலைக்காரர்களுக்கு மட்டும் உரிய பிழையாக இருக்கவில்லை. திறமையானவர்களிடமும் அது காணப்பட்டது. ஆனால் இரு சாராருக்கும் பொதுவானது, டவுன்ஸ்விங்கின் தொடக்கத்தில் அழுத்தம் முன்காலுக்கு வந்தே தீர்ந்தது என்பதுதான்.

உடலை எண்ணிக்கொண்டு அடிக்க முடியாது என்ற உங்கள் கூற்றை மட்டும் முழுமையாக ஏற்கிறேன்.

மாலைநடை எழுதியது:

எண்ணாமல் செய்வதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, நானே அதனால் மீண்டவன். ஏழாம் எண் அயர்னை எடுத்துக்கொள்ளுங்கள், பந்து வேண்டாம். இரு பாதங்களையும் ஒட்டி வைத்து நில்லுங்கள். கிளப்பைப் பின்னால் எடுத்துச் செல்லத் தொடங்குங்கள். அது இடுப்பு உயரத்தைத் தாண்டியதும், இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, இடது காலை அதன் வழக்கமான இடத்துக்கு எடுத்து வையுங்கள். பாதம் தரையில் பதிந்த பிறகு வீசுங்கள். முதல் பத்து முறை தடுமாறுவீர்கள். கால் ஒருபுறமும் கை ஒருபுறமும் இழுப்பது போல் இருக்கும். அந்த இழுவிசைதான் வேண்டியது, விலா எலும்புக்குக் கீழே இடப்பக்கம் தசை நீள்வதை உணர்வீர்கள். கல் எறிபவரைப் பாருங்கள்: கை பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய கால் முன்னால் போய்விடும். அதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைத் தரையிலிருந்து தூக்குவார், பிறகு அதைத் தரையில் பதிப்பதிலிருந்து டவுன்ஸ்விங்கைத் தொடங்குவார். மேலே சொன்ன பயிற்சியின் சுருங்கிய வடிவம்தான் அது. இடுப்பு இறுகியவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். குதிகால் எழுந்தால் இடுப்பு எளிதாகத் திரும்பும், மூட்டுக்கும் சிரமம் குறையும்.

சோதனைக்கு மணலில் ஒரு கோடு போடுங்கள். கோட்டை இரு பாதங்களுக்கும் நடுவில் இருத்தி, பந்தில்லாமல் வீசி, கிளப் மணலைக் கடித்த இடத்தைப் பாருங்கள். கடி கோட்டிலோ அதற்கு இலக்குப் பக்கமோ தொடங்க வேண்டும். காணொளியைவிட இது நேர்மையானது, ஏனென்றால் காணொளியில் நாம் பார்க்க விரும்புவதைப் பார்த்துவிடுவோம்.

ஏழாம்எண் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். காலெடுத்து வைக்கும் பயிற்சியில் முதல் இரண்டு நாளும் உண்மையிலேயே தடுமாறினேன். கிளப் உச்சிக்குப் போனபிறகே கால் நகர்ந்தது, அதாவது என் பழைய பிழை அப்படியே கண்முன் வந்து நின்றது. நான்காம் நாள் கிளப்பை இடுப்பு உயரம் வரை மட்டும் எடுத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்தபோது வந்தது.

மணல் சோதனையில், தொடக்கத்தில் இருபது வீச்சில் ஆறுதான் கோட்டிலோ அதற்கு இலக்குப் பக்கமோ கடித்தன. நேற்று பதினான்கு. மீதி ஆறில் நான்கு, தொடர்ந்து அடித்துக் களைத்த பிறகு வந்தவை. சட்டைப் பொத்தான் இப்போது பந்துக்கு நேராக வந்திருக்கிறது, பக்கிள் அதற்குச் சற்று முன்னால்.

ஆனால் ஒரு புதுச் சிக்கல். இதே உணர்வோடு டிரைவரை எடுத்தால் பந்து உயரவே மாட்டேன் என்கிறது. மேலிருந்து வெட்டுவது போல் படுகிறது. டிரைவருக்கு வரிசை வேறா?

பச்சைப்புல் எழுதியது:

வரிசை அதேதான், தாழ்புள்ளிக்கும் பந்துக்கும் உள்ள உறவு மட்டும் வேறு. அயர்னில் பந்தைத் தொட்ட பிறகு தாழ்புள்ளி வர வேண்டும். டிரைவரில் பந்து டீ என்னும் சிறு முளையின் மேல் இருப்பதால், தாழ்புள்ளியைத் தாண்டி கிளப் மேலேறத் தொடங்கிய பிறகு பந்தைத் தொட வேண்டும். இதற்காக அழுத்தத்தைப் பின்காலில் நிறுத்திவைக்காதீர்கள், பழைய நோய் திரும்பிவிடும். பந்தை இடது குதிகாலுக்கு நேராக வையுங்கள், பாதங்களைச் சற்று அகட்டி நில்லுங்கள், தொடக்கத்திலேயே வலது தோள் இடது தோளைவிடச் சிறிது தாழ்ந்திருக்கட்டும். அந்தச் சாய்வைக் காத்தபடி அதே நேரத்தில் இடது காலை ஊன்றினால் போதும்; தலை பந்துக்குப் பின்னாலும் அழுத்தம் இடது பாதத்திலும் ஒரே நேரத்தில் இருக்கலாம், இரண்டும் முரண் அல்ல. நீங்கள் இப்போது டிரைவரிலும் மார்பைப் பந்தின் மேல் கொண்டுவந்துவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். முன்னாலிருந்து ஒரு காணொளி எடுத்து, பந்தில் படும் நேரத்தில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.